பிறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி மாமா பார்த்தது

கோரைப்பாக்கம்,
பள்ளிக்கரணை வழி.
19.8.2007, ஞாயிறு, காலை மணி 6.40.
உங்கள் செல்லுக்கு இதுவரை நான் போட்ட கால்: முப்பத்தொன்று. நீங்கள் எடுத்தது: சைபர்.

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா தனக்கோடி அவர்களுக்கு, தங்கை மகன் கேசவன் வணக்கத்துடன் எழுதுவது. பழவேற்காட்டில் தாங்களும் அத்தையும் மகள் தீபாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. வழக்கமாக எல்லாரும் இங்கு யாவரும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மேலே போவார்கள். எனக்குப் பொய் எழுத வராது. நம்ம குடும்பத்தில் அந்தத் திறமை ஒருத்தருக்கு இருந்தால் போதும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி காலையில், சுதந்திரம் வந்து அறுபது வருஷம் ஆனதைக் கொண்டாட எங்க ஊராட்சித் தலைவர் லோகநாதன் போட்ட பந்தலில், கிராம சபைக் கூட்டத்தில், தாங்கள் மைக் பிடித்துப் பேசினீர்கள். நாற்பத்திரெண்டாம் வருஷம், வெள்ளைக்காரனே வெளியேறுன்னு நாடே கொதிச்ச நேரத்துல, தலைவரோட தாத்தா தாண்டவராயர் இதோ இந்த மரத்துல ஏறிக் கொடி கட்டினாராம். போலீஸ் அடிச்ச அடியில இந்த மண்ணுல ரத்தம் சிந்தினாராம். உங்களுக்கு அப்போ எட்டு வயசாம். ரெண்டு கண்ணால பார்த்தீங்களாம், உங்க கையால அவருக்குத் தண்ணி குடுத்தீங்களாம். மாமா, நீங்க துறைமுகத்துல வின்ச் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனது 2005 ஜூன் மாசம். அன்னைக்கு உங்களை மாலையோட வேன்ல ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தவன் நான். அறுபது வயசுல ரிட்டயர்மெண்ட். நாற்பத்திரெண்டுல எட்டு வயசுன்னா, துறைமுகம் உங்களை எழுபத்தோரு வயசு வரைக்கும் வேலை வாங்கியிருக்கு. கேஸ் போட்டா நல்ல நஷ்ட ஈடு கிடைக்கும், வக்கீலை நானே பார்க்கறேன். இல்லைன்னா, அந்த வருஷம் நீங்க பொறக்கவே இன்னும் மூணு வருஷம் பாக்கி. தண்ணி குடுக்கக் கை வேணும். கைக்கு முன்னாடி ஆள் வேணும்.

சரி, சாட்சிதான் இல்லை, மரமாவது இருந்துதான்னு பார்த்தேன். நான் படிச்சது மெக்கானிக்கல் டிப்ளமா, மரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா விசாரிக்கத் தெரியும். அந்தத் தூங்குமூஞ்சி மரம் எழுபத்தொண்ணுல ரோடு போட்டப்போ நெடுஞ்சாலைக்காரங்க நட்டது. ஐம்பது வயசு தாண்டின யாரைக் கேட்டாலும் சொல்றாங்க. அதுல இன்னொரு விசேஷம், அந்தக் கன்னுகளுக்கெல்லாம் தண்ணி ஊத்தற காண்ட்ராக்ட் எடுத்ததே லோகநாதனோட அப்பா. ஆக, இல்லாத மரத்துல ஏறி ஒருத்தர் கொடி கட்டினதைப் பொறக்காத ஒருத்தர் பார்த்திருக்கார். இந்த லட்சணத்துல எங்க ஃபேக்டரியில ஒரு பிரேக் பைப்பை அனுப்பினா, வேலையே போயிடும். இங்க கை தட்டினாங்க.

தாண்டவராயர் யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், நீங்க வெளியூர். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சண்டைக் காலத்துல தாம்பரம் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தப்போ, அவங்களுக்குக் கோழி முட்டை சப்ளை பண்ணினவர். இன்னிக்கும் அந்த வீட்டுக்கு முட்டைக்காரர் வீடுன்னுதான் பேரு. அதுல என்ன கேவலம்? முட்டை வித்தவரை முட்டை வித்தவர்னே சொல்லலாம். நாங்க மீன் விக்கறோம், எங்களை யாரும் திமிங்கல வேட்டைக்காரங்கன்னு சொல்றதில்லை. ஆனா லோகநாதனுக்கு முட்டை பத்தலை, தியாகம் தேவைப்பட்டுது. ஏன் தேவைப்பட்டுதுன்னு நீங்க ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா? மைக்கைப் பார்த்ததும் யோசனை எல்லாம் எங்க போச்சு?

நான் சொல்றேன். அந்த மரத்தடியில அம்மாவும் கங்கையம்மாளும் இன்னும் ஒன்பது பேரும் கூடை வெச்சு மீன் விக்கறாங்க. விடியறதுக்குள்ள குப்பத்துக் கரையில ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவுல ஐஸோட கூடையை ஏத்தி, எட்டு மணிக்குள்ள இங்க வந்து உக்காரணும். புறம்போக்கு இடம்தான், யாருக்கும் பட்டா கிடையாது. முன்னாடியெல்லாம் அந்தப் பக்கம் சதுப்புல கொக்கும் குப்பை லாரியும்தான் வரும், அதனால யாரும் கேக்கலை. இப்போ சுத்தி ஃபிளாட்டா எழும்புது, கம்ப்யூட்டர் கம்பெனி வேன் வேனா போகுது, அந்த இடம் லோகநாதன் கண்ணுக்குக் கல்யாண மண்டபமாவும் அதுக்குக் கீழே வரிசையாக் கடைகளாவும் தெரிய ஆரம்பிச்சுது. மொதல்ல நாத்தம்னு சொல்லிப் பார்த்தார். கங்கையம்மாள், நீ சாப்புடறப்ப மணக்குது, விக்கறப்ப நாறுதா நைனான்னு கேட்டாங்க, போயிட்டார். போன வருஷம் சிக்குன்குனியா வந்தப்போ, கொசு மீன் தண்ணியிலதான் வருதுன்னு சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னாடி தேங்கின சாக்கடையைப் போட்டோ எடுத்து ஊராட்சி ஆபீஸ் சுவத்துல நான்தான் ஒட்டினேன். அப்புறம் டிராஃபிக்குன்னு சொன்னார், அதுவும் எடுபடலை. நாத்தத்தாலயும் முடியலை, கொசுவாலயும் முடியலை. அப்புறம்தான் அவருக்கு சரித்திரம் ஞாபகம் வந்தது.

அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் மேல இருக்கறவங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டவர். டெல்லியில ஆட்சி மாறினா பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புஸ்தகம் மாறுது. கோட்டையில ஆட்சி மாறினா சுவத்துல மாட்டின படம் மாறுது. வந்ததும் வராததுமா எல்லாரும் மாத்தறது ரோட்டை இல்லை, ரோட்டோட பேரை. ஆகஸ்ட் பதினைஞ்சாம் தேதி பேப்பரைப் பிரிச்சா பக்கம் பக்கமா விளம்பரம், செத்துப்போன தியாகிங்க எல்லாம் ஸ்டாம்ப் சைஸ்ல ஓரமா இருக்காங்க, உயிரோட இருக்கற மந்திரிங்க நடுவுல சிரிக்கறாங்க. சுதந்திரத்தை வாங்கித் தந்ததே இவங்கதான்ங்கற மாதிரி. நேத்து ஓட்டு வாங்கினவங்க முந்தாநாள் செத்தவங்களை முன்னாடி நிறுத்திக்கிட்டாத்தான் நாளைக்கும் நாற்காலி நிக்கும். செத்தவங்களும் எழுந்து வந்து, நான் எப்போ இந்தாளுக்குச் சொந்தமானேன்னு கேக்கப் போறதில்லை. லோகநாதன் பண்ணினது அதே ஃபார்முலாதான், சைஸ் மட்டும் சின்னது. மேல இருக்கறவங்க தியாகியைக் கடன் வாங்கறாங்க, இவர் வீட்டிலேயே தயாரிச்சுட்டார்.

தயாரிப்புன்னு சும்மா சொல்லலை. தாம்பரத்துல ஃபிளெக்ஸ் பேனர் கடை வெச்சிருக்கானே என் கூடப் படிச்ச கிருபா, பந்தல்ல மாட்டின அந்தப் பதினஞ்சடி பேனரைப் போட்டது அவன்தான். லோகநாதன் குடுத்த போட்டோவுல தாத்தா கோட்டு போட்டு, மீசையை முறுக்கி, பக்கத்துல ஒரு துரையோட நிக்கறாராம். துரையை அழிச்சு, கோட்டை அழிச்சு, கதர் ஜிப்பா மாட்டி, தலையில வெள்ளைத் தொப்பி வெச்சிருக்கான் கிருபா. துரை கை ஒண்ணு தாத்தா தோள் மேல இருந்துதாம், அதை எப்படி எடுக்கறதுன்னு தெரியாம அது மேல தேசியக்கொடியைப் பறக்க விட்டுட்டான். ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு போய்ச் சண்டை போட்டேன். கஸ்டமர் கேட்டாரு வெச்சேன் மச்சான், வோணும்னா உங்கப்பாவுக்கும் ஒரு தொப்பி வெச்சுத் தரட்டுமான்னு கேக்கறான்.

அன்னைக்கு நான் ஊர்ல இருந்திருந்தா உங்களை மேடை ஏற விட்டிருக்க மாட்டேன். மறைமலை நகர்ல எங்க கம்பெனியிலயும் கொடி ஏத்தினாங்க, மெயின்டனன்ஸ் ஆளுங்க வந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க, ஏன்னா கொடிக்கம்பத்துக் கப்பி போன வருஷம் சிக்கிக்கிச்சு. மேனேஜர் பேசினார். நம் முன்னோர்கள் ரத்தம் சிந்தினார்கள், நாம் வியர்வை சிந்தி இந்தக் காலாண்டு டார்கெட்டை முடிப்போம்னார். ஆளுக்கு ஒரு லட்டு குடுத்துட்டு, ரெண்டாவது ஷிஃப்டுக்கு ஓவர்டைம் யார் வர்றீங்கன்னு கேட்டாங்க. சுதந்திர தினத்துல எனக்குக் கிடைச்ச சுதந்திரம், முடியாதுன்னு சொல்லிட்டு டிரெயின் பிடிச்சதுதான். தாம்பரம் கிழக்குல பஸ் ஏறி, மேடவாக்கம் தாண்டி எங்க ஸ்டாப்பிங் கிட்ட வரும்போதே புனல் ஸ்பீக்கர்ல ஒரு குரல் கேக்குது. தெரிஞ்ச குரலா இருக்கேன்னு பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர், யாரோ பெரிய தியாகி பேசறாரு போல, இந்த வயசுலயும் தொண்டை எப்படி இருக்கு பாருங்கன்னு சொல்றார். பஸ்ல இருந்து இறங்கும்போதுதான் நீங்க தாண்டவராயருக்குத் தண்ணி குடுத்துட்டு இருந்தீங்க.

எப்படி உங்களைப் பிடிச்சாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. குப்பத்துல ஆடி மாசக் கூழ் ஊத்தறதுக்கு வந்தவர் நீங்க, அப்படியே அம்மா வீட்டுல நாலு நாள் தங்கினீங்க. லோகநாதன் வாசல் வரைக்கும் வந்து, தாத்தா பெருமையை எங்க வீட்டு ஆளுங்களே பேசினா நல்லா இருக்காது, வெளியூர்ப் பெரியவர் ஒருத்தர் பேசணும்னு சொல்லியிருக்கார். நீங்க உடனே துண்டை உதறித் தோள்ல போட்டிருக்கீங்க. ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை, ஒரு மைக். அவ்வளவுதான் உங்க ரேட்டு. அவர் எழுதிக் குடுத்தது கொடி கட்டினதும் அடி வாங்கினதும்தான்னு ஊராட்சி கிளார்க் ரவி சொன்னான். தண்ணி குடுத்தது உங்க சொந்தக் கற்பனை. அங்க நீங்க அழுதீங்களே, அதுவும் உங்க சொந்தமா?

இதுல உச்சக்கட்டம் எங்கம்மா. உங்க தங்கச்சி முத்தாலம்மாள், பந்தல்ல மொதல் வரிசையில, வேலைப் புடவை மாத்திக்கிட்டு உக்காந்துகிட்டு, நீங்க ஒவ்வொரு தடவை மூச்சு வாங்கும்போதும் கை தட்டினாங்க. அவங்க தட்டினதைப் பார்த்து மத்த பத்து பேரும் தட்டினாங்க. தட்டி முடிக்கறதுக்குள்ள லோகநாதன் மைக்கை வாங்கி, தியாகி தாண்டவராயர் நினைவு மண்டபம் இந்த இடத்துலயே கட்டறதுன்னும், அக்டோபர் ரெண்டு காந்தி ஜெயந்தியில அடிக்கல்னும், அதுக்குள்ள இடத்தைக் காலி பண்ணிக் குடுக்கறதுன்னும் தீர்மானம் படிச்சு, கரவொலியோட ஏகமனதா நிறைவேறிச்சுன்னு முடிச்சுட்டார். கரவொலி யாருது? காலி பண்ண வேண்டிய பதினோரு பேருது. எலெக்ஷன்ல கள்ள ஓட்டு கேள்விப்பட்டிருக்கேன், தன்னைத் தானே விரட்டிக்கறதுக்கு ஒருத்தர் ரெண்டு கையாலயும் ஓட்டுப் போட்டதை இப்பதான் பார்த்தேன். ஏம்மா தட்டினேன்னு கேட்டா, இன்னாடா நீ, எங்க அண்ணன் மேடையில பேசறப்ப கை தட்டாம கொட்டாவியா வுடச் சொல்றன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க.

மறுநாள் காலையில, நீங்க பொன்னாடையை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறின அதே நேரத்துல, ரவி சுண்ணாம்பு வாளியோட வந்து மரத்தைச் சுத்திக் கோடு போட்டான். கோடு நேரா அம்மா கூடை வைக்கற இடத்து மேல போச்சு. கங்கையம்மாள் கோட்டு மேலயே சங்கரா மீனைக் கொட்டி ஆய ஆரம்பிச்சுட்டாங்க. லோகநாதன் வண்டியில வந்து இறங்கினார். அவர் சத்தம் போடலை, கை கூப்பினார். அதுதான் எனக்குப் பயமா இருந்துது.

“தியாகி ரத்தம் சிந்தின மண்ணும்மா. இதுல மீன் ரத்தம் படலாமா?”

“எங்க மீனு ரத்தமும் செகப்புதான் நைனா. உங்க தாத்தாது இன்னா கலரு?”ன்னாங்க கங்கையம்மாள்.

ஜனங்க சிரிச்சாங்க. ஆனா முன்னாடி மாதிரி அவர் திரும்பிப் போகலை. தியாகியைக் கேலி பண்றாங்க பாருங்கன்னு பஸ் ஸ்டாப்புல நின்ன ஆளுங்ககிட்ட சொன்னார். தினமும் அம்மாகிட்ட மீன் வாங்கற ஒரு ஃபிளாட் அம்மா, சேச்சே, அதெல்லாம் பேசக் கூடாதுங்கன்னு சொல்லிட்டு வாங்காமயே போயிட்டாங்க. நாத்தம்னு சொன்னப்போ எங்க பக்கம் இருந்தவங்க, நாடுன்னு சொன்னதும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. அதுதான் மாமா நீங்க பண்ணின வேலை.

நான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். ரோடு போட்ட வருஷம், மரம் நட்ட வருஷம், உங்க ரிட்டயர்மெண்ட் பத்திரிகை, எல்லாத்தையும் மேஜை மேல வெச்சேன். லோகநாதன் பொறுமையா எல்லாத்தையும் பார்த்தார். மரத்தைப் பத்திக் கேட்டதுக்கு, அப்போ அந்த இடத்துல வேற மரம் இருந்திருக்கும்பான்னார். வயசைப் பத்திக் கேட்டதும் நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டார்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. உங்க மாமா சொன்னது பொய்யின்னு எழுதிக் குடு. அடுத்த கிராம சபையில, ஊர் முன்னாடி, உங்க அம்மாவைப் பக்கத்துல நிக்க வெச்சு நானே அதைப் படிக்கறேன். தீர்மானத்தை ரத்து பண்ணிடறேன். சம்மதமா?”

பேனாவை எடுத்துக் குடுத்தார். நான் எழுதியிருப்பேன் மாமா. எனக்கு உங்க பேரைவிட அந்த இடம் பெருசு. ஆனா அதுக்குள்ள ரவி எங்க வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டான், அம்மா மீன் கையோட ஓடி வந்துட்டாங்க. ஆபீஸ் வாசல்லயே நின்னு, எங்க அண்ணனைப் பொய்யன்னு எழுதற கையால என் வூட்ல சோறு துன்னக் கூடாதுன்னு சொன்னாங்க. அப்போ இடம்னு கேட்டேன். இடமும் வோணும், எங்க அண்ணனும் வோணும்னாங்க. லோகநாதன் பேனாவைத் திரும்ப வாங்கி மூடிப் பையில சொருகிக்கிட்டார். அவருக்குத் தெரியும், எங்க வீட்டுக்குள்ளயே சுவர் கட்டிட்டோம்னு.

அதனால எழுத வேண்டியவன் நான் இல்லை, பேச வேண்டியவர் நீங்க. அக்டோபர் ரெண்டாம் தேதி வாங்க, அன்னைக்கும் கிராம சபை உண்டு. அதே மைக்கைப் பிடிங்க. வயசாயிடுச்சு, தப்பாச் சொல்லிட்டேன், நான் பார்த்தது அதில்லைன்னு சொல்லுங்க. காந்தி பொறந்த நாள், உண்மையைச் சொல்றதுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் வருஷத்துல கிடையாது. அந்த மரத்தடியில நீங்க நிஜமாவே பார்த்தது ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லுங்க. தொண்ணூத்திரெண்டுல அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதப்போ, அம்மாவை வீட்டுக்குள்ளயே உக்காரக் கூடாதுன்னு எழுப்பி, மொதல் கூடையை உங்க தலையில நீங்களே தூக்கிக்கிட்டு வந்து, இங்க உக்காந்திருந்த பொம்பளைங்ககிட்ட கெஞ்சி ரெண்டு முழம் இடம் வாங்கிக் குடுத்தீங்க. நான் உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், எனக்கு ஒன்பது வயசு. அதுக்கு நான் சாட்சி, பொறந்ததுக்கு அப்புறம் பார்த்த சாட்சி. அந்த ரெண்டு முழத்தைத்தான் நீங்க ஒரு பொன்னாடைக்குக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க. அதைத் திருப்பி வாங்கிக் குடுங்க. மண்டபம் வரட்டும், அடிக்கல் வரட்டும், கலெக்டரே வந்து நிக்கட்டும், அம்மா அங்கேருந்து எழுந்திரிக்க மாட்டாங்க, நானும் எழுப்ப விட மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். தீபாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லவும். பெரியவர்களை வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்று கடிதத்தை முடிப்பது முறை. தங்களுக்கு இப்போது என்ன வயது என்று தங்களுக்கே நிச்சயமில்லாததால் வணங்குவதா வாழ்த்துவதா என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் வணங்குகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத மருமகன்,
கேசவன்

பின்குறிப்பு (அதே நாள், மாலை): அம்மாவும் கங்கையம்மாளும் வியாபாரம் முடிச்சு வந்தாங்க. மாமனுக்கு இன்னா எழுதினே, படின்னாங்க. முழுசாப் படிச்சேன். உங்களைத் திட்டின இடத்துல அம்மா முறைச்சாங்க, மொதல் கூடை வர்ற இடத்துல எழுந்து உள்ளே போயிட்டாங்க. கங்கையம்மாள் மட்டும் வெத்தலை போட்டுக்கிட்டு, உங்க மாமன் வந்து பொய்யின்னு ஒத்துக்கினா இன்னா ஆவும்னு கேட்டாங்க. தீர்மானம் செல்லாதுன்னேன். லோகநாதன் வேற ஒரு கெழத்தப் புடிச்சாருவான், கெழத்துக்கா பஞ்சம், உங்க மாமனுக்குக் கெட்ட பேருதான் மிச்சம்னாங்க.

அப்புறம் அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்: “உங்க மாமன் கதையப் பாதியிலே வுட்டுட்டுப் போயிட்சு. மீதியச் சொல்லச் சொல்லு.”

மீதி இதுதான். அடிபட்ட தாண்டவராயருக்கு நீங்க தண்ணி குடுத்தீங்க. ஆனா காயத்துக்குக் கட்டுப் போட்டது யாரு? அங்க மீன் வித்துக்கிட்டு இருந்த கங்கையம்மாளோட மாமியார், முந்தானையைக் கிழிச்சு. கீழே விழுந்த கொடியைக் கூடையில மீனுக்கு அடியில மறைச்சுக் காப்பாத்தினதும் அந்தம்மாதான். தியாகி அந்த ரத்தத்தோட எழுந்து நின்னு, இந்த இடம் என்னைக்கும் மீன்காரப் பொம்பளைங்களுக்குத்தான்னு வாக்குக் குடுத்தாரு. நீங்க ரெண்டு காதாலயும் கேட்டீங்க. இப்போ லோகநாதன் என்ன பண்ணுவார்? உங்களைப் பொய்யன்னு சொன்னா தாத்தாவும் போயிடுவார், மண்டபமும் போயிடும். சொல்லலைன்னா தாத்தா குடுத்த வாக்கை மீறணும், அதுவும் ஊர் முன்னாடி, கொடிக்குக் கீழே நின்னு. உயிரோட இருந்த வரைக்கும் அந்த மாமியாரோட ஒரு நாள்கூட ஒத்துப் போகாத கங்கையம்மாள், அரை மணி நேரத்துல அந்தம்மாவைத் தியாகி ஆக்கிட்டாங்க.

இதுவும் பொய்தானேன்னு கேட்டேன். அம்மா உள்ளே இருந்தே, அவன் சொன்னா சரித்திரம், நாங்க சொன்னா புளுகான்னாங்க. காந்தி பொறந்த நாளுன்னு இழுத்தேன், கங்கையம்மாள் அடுத்த வெத்தலையை எடுத்து மடிச்சாங்க. ஆனா விசாரிச்ச வரைக்கும் ஒண்ணு உறுதி. அந்த மாமியார் அந்தக் காலத்துல குப்பத்துல இருந்து தலைக்கூடையோட நடந்தே வந்து, இந்த வழியில மீன் வித்தது நிஜம். நாற்பத்திரெண்டுல மரம் இல்லை, கொடி இல்லை, நீங்க இல்லை. மீன்காரி இருந்திருக்கா. லோகநாதன் கதையில உண்மை பூஜ்யம், எங்க கதையில ஒண்ணு.

ஆகவே உங்களை வாபஸ் வாங்கச் சொல்லி மேலே எழுதினதை நான் வாபஸ் வாங்கறேன். ஒரு வார்த்தைகூட மாத்திச் சொல்லாதீங்க, கூடச் சேர்த்துச் சொல்லுங்க. திட்டினது மட்டும் அப்படியே நிக்கும். நான் இனிமே செய்யப் போறது:

1. நாளைக்குக் காலையில ஷிஃப்டுக்குப் போற வழியில, தாம்பரத்துல இதை ஸ்பீட் போஸ்ட்ல போடுவேன். கிடைச்சதும் செல்லை ஆன் பண்ணுங்க.

2. அடுத்த ஞாயித்துக்கிழமை பழவேற்காட்டுக்கு வந்து உங்களை உக்கார வெச்சு ஒத்திகை பார்ப்பேன். வயசைச் சொல்லக் கூடாது, சின்னப் புள்ளைன்னு மட்டும் சொல்லணும். மரத்தைக் காட்டக் கூடாது, மண்ணைக் காட்டணும். நான் லோகநாதன் மாதிரி குறுக்குக் கேள்வி கேப்பேன், நீங்க திணறாம பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டேன், திணறினா சாப்பாடு கிடையாது.

3. அக்டோபர் ரெண்டாம் தேதி ஓவர்டைமுக்குக் கூப்பிட்டாலும், கொடிக்கம்பத்துக் கப்பியே சிக்கினாலும் கம்பெனிக்குப் போக மாட்டேன்.

4. நீங்க மேடை ஏறினதும் மைக்செட்காரர் பக்கத்துல, ஆம்ப்ளிஃபயர்கிட்ட நான் நிப்பேன். பாதியில யாராவது வந்து ஒயரைப் பிடுங்குவாங்க. பிடுங்கினா நான் திரும்பச் சொருகுவேன். மறுபடி பிடுங்கினா மறுபடி சொருகுவேன். நீங்க என்னைத் திரும்பிப் பார்க்காம பேசிக்கிட்டே இருங்க.